அடுப்புக் கேட்ட காலை

காய்ந்த கருவேலங்கட்டையைக் கோடரியால் பிளக்கும்போது உள்ளிருந்து ஒரு துவர்ப்பு வாடை கிளம்பும். எரிகிற விறகின் வாசனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எரியாமல் அடுப்பில் செருகிக் கிடக்கும் விறகின் வாடையை மணிக்கணக்கில் முகர்ந்துகொண்டு நின்றவர்கள் எங்கள் தெருக்காரர்களாக மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். விடியும் முன்பே தெரு நடுவில் குழி தோண்டி, கல் நட்டு, அண்டாக்களை ஏற்றித் தண்ணீரும் ஊற்றி, விறகைச் செருகிவிட்டு, அதற்குப் பிறகு ஒருவரும் தீப்பெட்டியைத் தொடாமல் சுற்றி நிற்போம். ஊருக்கே தீக்குச்சி செய்து கொடுக்கிற சனம், ஒரு குச்சியைக் கிழிக்கத் தயங்கிக்கொண்டு நிற்கும்.

சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற வழியில் இருந்தது எங்கள் தெரு. எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், பாதி ஓடு, பாதி கீற்று. முன் தலைமுறை வரைக்கும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தும் பருத்தி எடுத்தும் பிழைத்த குடும்பங்கள், மழை பொய்த்துப் பொய்த்து ‘பயராபீஸ்’ என்று நாங்கள் சொல்லும் பட்டாசுத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்துவிட்டிருந்தன. அங்கே எல்லாமே ஆபீஸ்தான். பயராபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ். அப்பா மருந்து கலக்கிற அறையில் வேலை பார்த்தார். அவர் வேட்டியை எத்தனை முறை துவைத்தாலும் மடிப்புக்குள் வெள்ளிப்பொடி மினுங்கும். வீட்டிலிருக்கும் பெண்கள் காகிதக் குழாய் உருட்டுவார்கள், லேபிள் ஒட்டுவார்கள். வெளியே சொல்லாமல் செய்கிற வேலையும் ஒன்று உண்டு. நூலைக் கரிமருந்தில் தோய்த்துக் காயவைத்து எடுப்பது. அதற்குக் ‘கருந்திரி’ என்று பெயர். வீட்டில் வைத்துச் செய்யக்கூடாத வேலை. ஆபீஸுக்குள் மட்டுமே நடக்கவேண்டிய வேலை. ஆனால் சீசன் நெருக்கி, ஆர்டர் தலைக்குமேல் வந்துவிட்டால், அது சாக்குக்குள் சுருண்டு தெருவுக்குள் வரும், பரணில் ஏறும், விடியும் முன் சமைத்து முடித்து அடுப்பை அணைத்துவிட்டு உட்காருகிற பெண்களின் விரல்களுக்குப் போகும். யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘சரக்கு’ என்பார்கள்.

சித்திரைப் பொங்கலுக்கு ஆபீஸ்களெல்லாம் லீவு விட்டிருக்கும் நாட்களில் ஒரு பகல் ‘தெருச்சோறு’ நடக்கும். வருசத்துக்கு ஒரு வீடு, முறை வைத்து, தெரு முழுவதையும் உட்காரவைத்துக் கறியும் சோறும் போடும். முறைவீட்டுக்காரர் அன்று காலையில் வெற்றிலைத்தட்டோடு ஒவ்வொரு வாசலுக்கும் போவார். மற்ற ஊர்களில் இது சாப்பிடக் கூப்பிடுகிற வேலை. எங்களுக்கு அது ‘அடுப்புக் கேக்குறது’. வாசலில் நின்று, “அடுப்புப் பத்த வைக்கலாமா?” என்று கேட்க வேண்டும். அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து, “பத்த வைங்க” என்று சொல்ல வேண்டும். ஆண்பிள்ளை சொன்னால் செல்லாது. வீட்டுக்குள் எது எங்கே கிடக்கிறதென்று ஆண்பிள்ளைக்கு என்ன தெரியும்? கேட்டவர் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. சொன்ன வார்த்தைதான் சாட்சி. கீற்றுக்கூரைகளுக்கு நடுவே, சித்திரை வெயிலில், பொறி பறக்கிற மூன்று பேரடுப்புகளை மூட்டுவதற்கு முன்னால் அத்தனை வீட்டு வார்த்தையும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். எந்தத் தீ இதைக் கற்றுக்கொடுத்தது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. கேட்டால், “போயி வெளையாடுங்க” என்பார்கள்.

நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடையில் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா இதற்காக எத்தனை வருசம் காத்திருந்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அம்மா ஆலங்குளம் சிமெண்டு ஆலைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்து, என்னைப் பெற்று, நான் இத்தனை வளர்ந்த பிறகும் தெருவில் அவளுக்குப் பெயர் கிடையாது, ‘ஆலங்குளத்தா’. தெருச்சோறில் முதல் கரண்டிச் சோற்றை முறைவீட்டுப் பெண்தான் போடுவாள். போட்டவளை அதற்குப் பிறகு யாரும் ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மா பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டாமல் இதற்காக மடித்து வைத்திருந்தாள். பரணில் கிடந்த சாக்கு, நூல்கண்டு, பசைச்சட்டி வரை எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்னாலேயே இறக்கி, கழுவி, கூட்டி, ஈரத்துணியால் துடைத்தும்விட்டாள். எங்கள் வீட்டை யாரும் வந்து கேட்கப் போவதில்லை. முறைவீட்டை யார் கேட்பது? இருந்தும் துடைத்தாள்.

அப்பா முன்னால், தட்டோடு நான் பின்னால். இலை அசையாத காலை. வெயில் அதற்குள் கழுத்தில் உட்கார்ந்துவிட்டது. கடைசி வீட்டுப் பேச்சியம்மாள், போன வருச முறைக்காரி, தலையை முடிந்துகொண்டே வெளியே வந்தாள்.

“அடுப்புப் பத்த வைக்கலாமா, மதினி?”

“பத்த வைங்க, பத்த வைங்க. கறியில எலும்ப மட்டும் போட்டு ஏமாத்திறாதீக கொழுந்தனாரே. போன வருசம் நான் போட்ட கறிய இன்னமும் தெருவே சொல்லிக்கிட்டிருக்கு.”

“தெரு சொல்லல மதினி, நீங்கதான் சொல்லிக்கிட்டிருக்கீக.”

சிரிப்பும் வெற்றிலையுமாக வாசல்கள் கடந்தன. பத்த வைங்க. பத்த வைங்கண்ணே. பத்த வைங்க மாமா, பசிக்கிது. அந்த ஒரே வார்த்தை வாசலுக்கு வாசல் வேறு வேறு குரலில் வந்துகொண்டிருந்ததில் எனக்கு ஒரு பாட்டுப்போல நடை வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடுதான் கடைசியாக மிச்சமிருந்தது. முத்துமாரி அத்தை வீடு.

அத்தை அப்பாவுக்கு உடன்பிறந்தவள் இல்லை, ஆனால் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டுக்காரர் ஆபீஸில் கை வெந்துபோய் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அத்தை ஒருத்தியாகக் குழாய் உருட்டி மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கதவின் ஒரு பலகையைச் சாத்தி, மறுபலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அடுப்புப் பத்த வைக்கலாமாத்தா?”

அத்தை என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். “தண்ணி குடிக்கிறீகளாண்ணே?” என்றாள்.

“இருக்கட்டும். பத்த வைக்கலாமா?”

“வெயிலு இப்பவே என்னா ஏறு ஏறுது பாருங்க.”

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் பேசவில்லை. அப்பா சிரித்த முகத்தோடுதான் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு எப்போது கழன்று விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையின் உதடு ஒருமுறை திறந்தது. நானே அந்த வார்த்தையை அவள் வாயில் போட்டுவிடலாமா என்று இருந்தது. ஒரு வார்த்தைதானே, தெருவே சொன்ன வார்த்தைதானே. அவள் வாயை மூடிக்கொண்டாள். கதவைப் பிடித்திருந்த அவள் விரல்களின் நகக்கண்களில் கருப்பு ஏறியிருந்தது. கரிமருந்து நகக்கண்ணில் ஏறினால் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் இறங்காது. அது அந்தத் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

“சரித்தா” என்றார் அப்பா. திரும்பிவிட்டார். வெற்றிலை கொடுக்கவில்லை என்பது நாலு எட்டு வைத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. திரும்பி ஓடப்போனேன். அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

அடுப்புக்கும் அத்தை வீட்டுக் கீற்றுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான்.

சமையலுக்கு வந்த சங்கிலி மாமா தீப்பெட்டியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார். “என்ன மாப்ள, கேட்டாச்சா? கிழிக்கவா?”

“பொறுங்க.”

“பொறுக்கவா? கறி வெட்டி எம்புட்டு நேரமாச்சு. இன்னும் செத்த நேரம் விட்டா அதுவா எந்திரிச்சு நடந்து போயிரும்.”

கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. “காத்து ஒரு மாதிரியா இருக்கு. கம்மாய்க்குள்ள வச்சுச் சமைப்பமே” என்றார்.

“காத்தா?” பேச்சியம்மாள் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். அது தொங்கியபடியே இருந்தது. “எங்கன அடிக்குது காத்து, எங்களுக்குத் தெரியாம ஒங்களுக்கு மட்டும்?”

இந்தமுறை சிரிப்பில் சத்தம் குறைந்திருந்தது. ஏனென்றால் எங்கோ ஒரு வீட்டில் சரக்கு கிடக்கிறதென்று ஒருவர் இருவருக்குப் புரியத் தொடங்கிவிட்டது. கண்கள் தெருவின் இரண்டு வரிசையிலும் ஓடின. எந்த வீடு? எந்த வீடு என்று தெரிந்துவிட்டால் பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரியும். தெருவே சாப்பிட வந்திருக்கும்போது சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு இனி எந்த ஏஜென்டும் ஒரு குழாய்த்தாள்கூடக் கொடுக்க மாட்டான். பேச்சு டேசன் வரை போனால் போலீசும் வரும். மூன்று பிள்ளைகள். மதுரையில் வெந்த கையோடு ஒருவர்.

எங்கள் தெருவுக்கு வேலையும் சரக்கும் கொடுக்கிற ஏஜென்ட் ஒரே ஆள்தான். ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவோம். முதல் விருந்தாளி என்று அவருக்கு அடுப்புக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், மடக்கு நாற்காலி போட்டிருந்தோம். அவர் எப்போது எழுந்தார் என்று தெரியாது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய், நிழலே இல்லாத இடத்தில், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா அதைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன்.

அம்மா அந்தப் புதுச்சேலையில் வெளியே வந்தாள். கையில் கரண்டி. “என்னங்க, எல்லாரும் நிக்கிறாக?” என்றாள்.

தெரு முழுவதும், அத்தனை வாசலிலும், வார்த்தை வாங்கியாகிவிட்டது என்றுதான் சனம் நினைத்துக்கொண்டிருந்தது. யார் வீட்டைச் சொன்னாலும் ஒரு பெண்ணின் வார்த்தை பொய்யென்று ஆகும். தெருவில் கேட்கப்படாத வீடு ஒன்றுதான் இருந்தது. அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டே, ஆனால் கூட்டத்துக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்:

“எங்க வீட்டுல சரக்குக் கெடக்கு. இங்கன பத்த வைக்க வேண்டாம்.”

அம்மா வாயெடுத்தால் முடிந்தது. பரணில் கிடந்த தூசியைக்கூட அவள்தான் தன் கையால் துடைத்திருக்கிறாள். ‘வந்து பாருங்கடி’ என்று கதவை அகலத் திறந்துவிட்டிருக்கலாம், அது பொய்யே இல்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ. அவள் கண் மெதுவாக எதிர்வரிசைக்குப் போய், ஒரு பலகை சாத்திய கதவில் நின்றது.

“ஆமா” என்றாள் அம்மா. “பரண்ல கெடக்கு. வேலைப் பரபரப்புல மறந்துட்டேன்.”

“மறந்துட்டாளாம்” என்றாள் பேச்சியம்மாள், யாரையும் பார்க்காமல். “பிள்ளைகுட்டியள வச்சுக்கிட்டு இங்கன நிக்கிறோம். இவ மறந்துட்டாளாம். ஆலங்குளத்தாவுக்குத் தீயின்னா சிமெண்டுத் தூசின்னு நெனப்பு.”

பிறகு ஓட்டம். அண்டாக்களின் தண்ணீரைக் கவிழ்த்து, கம்பு கொடுத்துத் தூக்கி, கறியை ஈரச்சாக்கில் சுற்றி, விறகைத் தலையில் ஏற்றி, தெருவே வறண்டு கிடந்த கண்மாயை நோக்கி நடந்தது. யாரும் பீடியைக்கூடப் பற்றவைக்கவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டும்போது எல்லோரும் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி, அத்தை வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போனதை இப்போது நினைத்தாலும் எனக்கு முதுகு கூசுகிறது. ஆபத்திலிருந்து விலகுவதாக நினைத்து அதன் மடியில் கை வைத்துக்கொண்டு நடந்தார்கள். பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று நான் காதை முதுகில் வைத்துக்கொண்டு நடந்தேன். கண்மாய்க்குள் சங்கிலி மாமா தீக்குச்சியைக் கிழித்தபோது, அவ்வளவு தூரம் வந்த பிறகும், அப்பா ஒருமுறை தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் நடந்தது.

பிற்பகலில்தான் இலை போட முடிந்தது. அம்மா சோற்றண்டாவை நோக்கிக் குனிந்தாள். பேச்சியம்மாள் வந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு முதல் இலைக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. அம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டாள். பந்தி முடியும்வரை தண்ணீர் மட்டும் ஊற்றினாள். கடைசிப் பந்தியில், வரிசையின் ஓரத்தில், முத்துமாரி அத்தை பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தாள். தலை குளித்து வந்திருந்தாள். அவள் வீட்டுச் சரக்கு விறகுக்கட்டோடு விறகுக்கட்டாகக் காட்டுப்பக்கம் போயிருக்குமா, தொட்டித் தண்ணீரில் ஊறிக் கரைந்திருக்குமா, நான் அறியேன். அம்மா அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு பேரும் ஏறெடுத்துப் பார்த்துக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி சாப்பிடாமலே போய்விட்டிருந்தார். மறுவாரம் வேலை பங்கிடும்போது எங்கள் வாசலில் அவர் சைக்கிள் நிற்கவில்லை. “தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுறாகம்மா, நான் என்ன செய்ய?” என்று அம்மாவிடம் சொன்னார், சொன்னபோது கண் எதிர்வீட்டின் மேல் இருந்தது. அம்மா ஒரு அச்சாபீஸில், காலண்டர் தலைப்பில் தகடு பொருத்துகிற வேலைக்குப் போகத் தொடங்கினாள். அடுத்த முறை எங்கள் வீட்டுக்குச் சுற்றி வருவதற்குள் நாங்கள் தெருவை விட்டுக் கிளம்பிவிட்டோம். கடைசிவரை அவள் அங்கே ஆலங்குளத்தாதான்.

இப்போது எங்கள் வீடு சூலக்கரைப் பக்கம். அப்பா இல்லை. போன சித்திரையில் அந்தத் தெருவிலிருந்து தெருச்சோறுக்கு அழைப்பு வந்தது. அம்மாவையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். தெருவில் கீற்று ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் மாடி, சிமெண்டுத் தளம், குழி தோண்டக் கையளவு மண் கிடையாது. சோறு தெருவில் இல்லை, கல்யாண மண்டபத்தில். கேட்டரிங் பையன்கள் கேஸ் அடுப்பைத் திருகிய சத்தம்தான் கேட்டது. யார் வாசலிலும் யாரும் போய் நின்று எதுவும் கேட்கவில்லை. அப்படியொன்று கேட்பது உண்டு என்று சொன்னபோது பந்தியில் என் பக்கத்திலிருந்த இளம்பெண் மரியாதைக்குச் சிரித்தாள். இன்று அந்த வீடுகளின் பரண்களில் என்ன இருக்கிறது, இல்லை என்று எனக்குத் தெரியாது. கேட்கிற வழக்கம் போய்விட்டதால் அவர்களுக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் என் மகளிடம் அந்தக் காலையைச் சொன்னேன். எழுத வந்த பிறகு எத்தனையோ மேடைகளில் சொன்னதுதான். அப்பா பழியைத் தன் வீட்டின்மேல் ஏற்றிக்கொண்ட இடம் வரும்போது என் குரல் தானாகவே உயர்ந்துவிடும். அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைக்கவில்லை.

“முத்துமாரியச் சொல்லு மொதல்ல” என்றாள். “பத்த வைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ பொழப்புக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஒரு பொறி பறந்திருந்தா தெருவே போயிருக்கும், நீயும் போயிருப்ப. தன் சோத்துல மண்ணு விழும்னு தெரிஞ்சுதான் அவ வாயத் தெறக்காம நின்னா. ஒங்கப்பா செஞ்சது அதுக்குப் பொறகுதான்.”

“அத்தை மேல ஒனக்குக் கோவமே இல்லையாம்மா?”

“அவ மேல எனக்கென்ன கோவம்?” வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். மென்றாள். மண்டபத்தில் அடுத்த பந்திக்கு நாற்காலிகளை இழுக்கும் சத்தம் அடங்குகிறவரை காத்திருந்ததுபோல இருந்தது.

“தெருவுல இருக்கிற அம்புட்டுப் பொம்பளையளையும் வாசல் வாசலா நின்னு கேட்டுட்டு வந்தாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கல.”

அவருக்கு நேரமில்லை, வேறு வழி இல்லை, கேட்டிருந்தால் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கும். பதில்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. அப்பாவுக்காக வாயெடுத்தேன்.

“நீ சொல்லாத” என்றாள் அம்மா.